சாவியைத் தொடாமலே நின்ற லாரி: ஒரு ஸ்டாப் சொலினாய்டு நிகழ்வு ஆய்வு

வண்டி 2007 மாடல் ஆறு சக்கர லாரி. 24 வோல்ட், டீசலை இன்ஜினுக்குத் தள்ளுவது இன்லைன் பம்ப். கம்பெனி பெயர் இங்கே தேவையில்லை, கோளாறு அவர்கள் கொடுத்ததும் அல்ல. பெரம்பலூர்ப் பக்கமிருந்து மக்காச்சோளம் ஏற்றி நாமக்கல் தீவன ஆலைகளில் இறக்குவதுதான் அதன் வேலை. முதலில் இருந்த புகார், ஓடும்போதே வண்டி நின்றுவிடுகிறது என்பது. என் பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது புகார் தலைகீழாகியிருந்தது: சாவியைத் திருப்பினாலும் நிற்கமாட்டேன் என்கிறது. இடையில் இரண்டு மாதமும் மூன்று கடைகளும் போயிருந்தன.

வாசலில் அது வந்து நின்ற விதமே வேடிக்கை. டிரைவர் டாப் கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, கிளட்சை மெல்ல விட்டார். வண்டி மொத்தமாக ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது.

"நாலு நாளா இப்படித்தாங்கண்ணா நிறுத்தறேன்" என்றார்.

பானட்டைத் திறந்தால் காரணம் தெரிந்தது. டீசலைத் திறந்து மூடும் பம்பின் ஸ்டாப் லீவரை ஓடும் பக்கம் இழுத்து, கட்டுக் கம்பியால் பிராக்கெட்டோடு முறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்த லீவரை இழுக்க வேண்டியது சொலினாய்டு, கரண்ட் கொடுத்தால் காந்தமாகும் காயில். அதன் ஒயர் மூன்றும் கழன்று தொங்கின. கம்பி கட்டியிருக்கும் வரை டீசல் போய்க்கொண்டேதான் இருக்கும். டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி வேண்டாம், டீசலும் காற்றும் போதும். எனவே சாவிக்கு அங்கே வேலையே இல்லை. வழியில் ஒரு விபத்தோ ஒயர் தீப்பற்றலோ நடந்தால் இன்ஜினை அணைக்க ஒருவர் பானட்டைத் திறந்து கம்பியை அறுக்க வேண்டும். லோடு ஏற்றிக்கொண்டு நான்கு நாள் இப்படி ஓடியிருக்கிறது. டிரைவரைத் திட்டிப் பயனில்லை. பாதி வழியில் சோளத்தோடு நிற்பவனுக்கு வேறு என்ன வழி?

முதல் நாள் நான் ஸ்பேனரைத் தொடவில்லை. டீ வாங்கிக் கொடுத்துக் கதையை முதலிலிருந்து கேட்டேன்.

நடந்தது

இரண்டரை மாதம் முன்பு வண்டி கரும்புகை தள்ளியது, மைலேஜ் குறைந்தது. பம்பை இறக்கிக் கேலிப்ரேஷன் செய்து, நாசில்களையும் பார்த்து, திரும்ப ஏற்றினார்கள். புகை நின்றது, மைலேஜும் கூடியது. அதற்கு அடுத்த வாரம் எருமப்பட்டி தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் இன்ஜின் அணைந்தது. சாவியைத் திருப்பி செல்ஃப் அடித்ததும் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. சரி, ஏதோ ஒரு தடவை என்று விட்டுவிட்டார். பிறகு ஒரு நடைக்கு ஒருமுறை, அப்புறம் மூன்று நான்கு முறை.

முதல் கடையில் ஏர் லாக், அதாவது டீசல் லைனில் காற்று புகுந்திருக்கிறது என்றார்கள். இரண்டு டீசல் ஃபில்டரையும் மாற்றி, ஃபீட் பம்ப் கிட் போட்டு, டாங்கிலிருந்து வரும் ஹோஸையும் மாற்றினார்கள். பத்து நாள் கழித்தும் அதே கதை. இரண்டாவது கடையில் சொலினாய்டு போய்விட்டது என்றார்கள். புதிது வாங்கி மாட்டினார்கள். புதியதில் ஒயர் நிறம் வேறாக இருந்ததாம். எது எதற்கு என்று குழம்பி, இரண்டு ஒயரை ஒன்றாக முறுக்கிச் சாவி லைனில் கொடுத்து, மூன்றாவதை எர்த்தில் போட்டார்கள். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. எல்லோருக்கும் சந்தோஷம். டீ குடித்து முடிப்பதற்குள் பானட்டிலிருந்து புகை வந்தது. மூன்றாவது கடை என்று சொன்னேனே, அது ரோட்டோரத்தில் ஒருவர். கம்பி கட்டிவிட்டது அவர்தான்.

இந்தக் கதையில் இரண்டு தகவல்கள் எனக்குப் போதுமானதாக இருந்தன. ஒன்று, வண்டி நின்ற விதம். நான் டிரைவரிடம் கேட்டேன்: "நிக்கறதுக்கு முன்னாடி முக்குச்சா? பிக்கப் குறைஞ்சுதா?" அவர் தலையை ஆட்டினார். "இல்லீங்கண்ணா. ஓடிட்டே இருக்கும், டப்புன்னு சாவிய அணைச்ச மாதிரி ஆஃப் ஆயிரும்." ஏர் லாக் அப்படி நிற்காது. காற்று புகுந்தால் முதலில் இன்ஜின் முக்கும், ஏறி இறங்கும், ஆக்சிலேட்டரை மிதித்தாலும் இழுக்காது, பிறகுதான் சாகும். நின்ற பிறகு ஹேண்ட் பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றாமல் எளிதில் கிளம்பாது. இந்த வண்டியோ ஹேண்ட் பம்பைத் தொடாமலே ஒரே சுற்றில் கிளம்பியிருக்கிறது. அப்படியென்றால் டீசல் பம்ப் வரைக்கும் சரியாக வந்துகொண்டிருந்தது, யாரோ அதைத் தடுத்துத் தடுத்து விடுகிறார்கள். அந்த "யாரோ" ஸ்டாப் லீவர்தான்.

இரண்டாவது தகவல், பம்பை இறக்கி ஏற்றிய மறு வாரம் இது தொடங்கியது என்பது. முதல் இரண்டு கடையிலும் இதை யாரும் கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் ஃபில்டர் காசும் சொலினாய்டு காசும் மிஞ்சியிருக்கும்.

இரண்டு காயில் எதற்கு

பழைய லாரிகளில் டாஷ்போர்டில் ஒரு ஸ்டாப் கேபிள் இருக்கும், இழுத்தால் இன்ஜின் நிற்கும். அதில் கரண்ட்டுக்கு இடமில்லை. பின்னால் வந்த இன்லைன் பம்ப் வண்டிகளில் அந்த இழுக்கிற வேலையைச் சொலினாய்டு செய்கிறது. இந்த வண்டியில் இருப்பது கரண்ட் இருந்தால் ஓடும், கரண்ட் போனால் நிற்கும் வகை: ஸ்பிரிங் லீவரை எப்போதும் ஸ்டாப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும், சொலினாய்டு அதை எதிர்த்து இழுத்துப் பிடிக்கும். நேர்மாறான வகையும் உண்டு, அணைக்கும்போது மட்டும் கரண்ட் வாங்கி லீவரைத் தள்ளும். எந்த வகை என்று தெரியாமல் சோதனையைத் தொடங்கினால் தலைகீழான முடிவுதான் கிடைக்கும். கம்பியை அறுத்துவிட்டுப் பார்த்தேன். லீவர் டக்கென்று ஸ்டாப்புக்குப் போனது. சரி, முதல் வகை.

இந்தச் சொலினாய்டின் உள்ளே இரண்டு காயில்கள். ஒன்று புல் காயில், தடித்த ஒயர், குறைந்த சுற்று. ஸ்பிரிங்கை எதிர்த்து பிளஞ்சரை, அதாவது நடுவில் ஓடும் இரும்புத் தண்டை, உள்ளே இழுப்பது அது. இன்னொன்று ஹோல்டு காயில், மெல்லிய ஒயர், நிறையச் சுற்று. உள்ளே போன பிளஞ்சரைப் பிடித்துவைப்பது மட்டும் அதன் வேலை. காந்தத்தின் பிடி, நடுவில் இருக்கும் இடைவெளியைப் பொறுத்தது. இடைவெளி இருக்கும்போது ஒரு பிளஞ்சரை நகர்த்தப் பெரிய பலம் வேண்டும். அது இரும்போடு இரும்பாக ஒட்டிவிட்டால் சின்னக் கரண்ட் போதும், கையால் பிய்த்தெடுக்க முடியாது.

இந்த வண்டியின் சொலினாய்டில் புல் காயில் 1.1 ஓம், ஹோல்டு காயில் 47 ஓம். 24 வோல்ட்டில் கணக்குப் போட்டால் புல் காயில் ஏறக்குறைய 22 ஆம்பியர் இழுக்கும், ஹோல்டு காயில் அரை ஆம்பியர். வாட்ஸில் சொன்னால் ஒன்று 500-க்கும் மேல், மற்றது 12. கைமுட்டி அளவுள்ள ஒரு பொருளுக்குள் அரை இஸ்திரிப் பெட்டியின் சூடு. செல்ஃப் அடிக்கும் இரண்டு மூன்று வினாடிக்கு மட்டும் அது தாங்கும். அதனால்தான் புல் காயிலுக்கான கரண்ட் தனி ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) வழியாக, செல்ஃப் அடிக்கும்போது மட்டும் வருகிறது. ஹோல்டு காயிலுக்குச் சாவி ஆன் ஆனதிலிருந்து கரண்ட். இரண்டையும் ஒன்றாக முறுக்கிச் சாவி லைனில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை, அந்தப் புகையே விளக்கம்.

ரோட்டரி பம்ப் வண்டிகளில் இந்தக் கதை வேறு. அங்கே சொலினாய்டு பம்பின் மேலேயே திருகியிருக்கும், பெரும்பாலும் ஒரே ஒயர். சாவி ஆன் செய்ததும் உள்ளே ஒரு சின்ன பிளஞ்சர் விலகி டீசலுக்கு வழிவிடும், "டக்" என்ற சத்தம் கேட்கும். சத்தம் வந்தால் கரண்ட் வருகிறது, காயில் வேலை செய்கிறது என்று முதல் முடிவுக்கு வரலாம். இன்லைன் பம்பில் காதை நம்பிப் பயனில்லை, லீவரைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

சோதனை

டிரைவர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். பழைய சொலினாய்டைத் தூக்கி எறியாமல் டூல் பாக்ஸில் போட்டு வைத்திருந்தார். முதலில் அதைத்தான் மீட்டரில் வைத்தேன். இவ்வளவு குறைந்த ஓமை அளக்கும்போது மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு, ஒயரின் ஓமைக் கழித்துக்கொள்ள வேண்டும். என் மீட்டர் ஒயர் 0.3 காட்டியது, சொலினாய்டில் 1.4. கழித்தால் 1.1. ஹோல்டு 47. பாடிக்கும் காயிலுக்கும் இடையே ஷார்ட் இல்லை. மூன்று கடையும் ஏறி இறங்கிய பிறகு, போய்விட்டது என்று கழற்றிப் போட்ட சொலினாய்டு முழுசாக நன்றாக இருந்தது.

புதியதை அளந்தேன். புல் காயில் ஓப்பன், உள்ளே அறுந்துபோயிருந்தது. ஹோல்டு 31 ஓம் காட்டியது. வார்னிஷ் உருகிச் சில சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். மூக்கருகே கொண்டுபோனால் போதும், மீட்டரே வேண்டாம்.

லீவரைக் கையால் அசைத்துப் பார்த்தேன். இறுக்கமில்லை, ஸ்பிரிங்கும் சரியாக இருந்தது. பல வண்டிகளில் லீவரின் ஷாஃப்ட்டில் தூசியும் டீசலும் சேர்ந்து பிசின் போல இறுகியிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் சொலினாய்டை மட்டும் மாற்றினால் புதியதும் திணறும். இங்கே அது இல்லை.

பழையதைத் திரும்ப மாட்டி, ஒயர்களைப் பிரித்து, அது அதன் இடத்தில் கொடுத்தேன். சாவி லைனில் இருந்த மெல்லிய ஒயர் ஒரு முழ நீளத்துக்குக் கருகியிருந்தது. அதையும், முனை நிறம் மாறிப்போன சாவி சுவிட்சையும் மாற்றினேன். பிறகு செல்ஃப் அடித்தோம். லீவர் ஏறியது, ஆனால் தயங்கி ஏறியது. இரண்டாவது முறை பாதியில் நின்றது.

இங்கேதான் டெஸ்ட் லைட் ஆளை ஏமாற்றும். ரிலேயிலிருந்து வரும் ஒயரில் வைத்தால் பளிச்சென்று எரிந்தது. எரியத்தான் செய்யும், அந்தச் சின்ன பல்புக்கு வேண்டியது கால் ஆம்பியர் கூட இல்லை. கரியேறிய காண்டாக்ட் வழியாக அவ்வளவு கரண்ட் தாராளமாகப் போகும். சொலினாய்டு கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ஒயரைக் கழற்றாமல், சொலினாய்டு இழுத்துக்கொண்டிருக்கும்போதே அளந்தேன். செல்ஃப் சுற்றும்போது பேட்டரியில் 19.2 வோல்ட். சொலினாய்டின் இரண்டு முனைக்கு இடையே 15.1. நடுவில் 4.1 வோல்ட் காணோம். மீட்டரை ரிலேயின் இரு பக்கமும் வைத்தால் 2.6, சொலினாய்டின் எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 1.5. கணக்கு நேராகிவிட்டது. ரிலேயைப் பிரித்தால் உள்ளே தண்ணீர் போன தடம், காண்டாக்ட் கருத்துக் குழி விழுந்திருந்தது. எர்த் ஒயரின் லக்குக்கு (ஒயர் முனையில் போல்ட் போடும் வளையம்) அடியில் பெயின்ட். யாரோ இன்ஜினுக்கு அழகாகப் பெயின்ட் அடித்தபோது போல்ட்டைக் கழற்றாமல் மேலேயே அடித்திருக்கிறார்கள்.

நாலு வோல்ட் போனால் என்ன என்று தோன்றலாம். காந்த பலம் ஏறக்குறைய கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறி இறங்கும். 19-க்குப் பதில் 15 வோல்ட் வந்தால் பலம் அறுபது சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதனால் அந்தத் தயக்கம்.

ரிலேயை மாற்றி, எர்த்தைச் சுரண்டி, புது லக் போட்டேன். சொலினாய்டில் 18.6 வந்தது. லீவர் சுத்தியல் அடித்தது போல ஏறியது. இன்ஜின் பிடித்தது. உடன் இருந்த பையன், "முடிஞ்சுதுங்களா?" என்றான். முடியவில்லை. இது இப்போது கண்டுபிடித்த கோளாறு. டிரைவர் சொன்ன கோளாறு, ஓடும்போது நிற்பது. ஓடும்போது ரிலேக்கும் புல் காயிலுக்கும் வேலையே கிடையாது.

ரப்பர் பூட்டுக்கு உள்ளே

இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து, பிளஞ்சரைக் கையால் உள்ளே தள்ளினேன். நின்றது. ஹோல்டு காயில் பிடிக்கிறது, அதன் ஒயரில் பேட்டரி வோல்ட்டேஜ் அப்படியே வருகிறது. பெரும்பாலானோர் இந்த இடத்தில் சரி என்று எழுந்துவிடுவார்கள். ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் பிராக்கெட்டை லேசாகத் தட்டினேன். டக். விழுந்துவிட்டது. மறுபடி தூக்கி, மறுபடி தட்டினேன். மறுபடி விழுந்தது. எருமப்பட்டி வேகத்தடை என் பட்டறைக்கே வந்துவிட்டது.

ஒட்டிய பிளஞ்சர் தட்டினால் விழாது. அப்படியென்றால் ஒட்டவில்லை. ஆனால் வெளியே பார்த்தால் முழுக்க உள்ளே போயிருப்பது போலத்தான் தெரிந்தது, ஏனென்றால் மண் போகாமலிருக்க பிளஞ்சர் மேல் ஒரு ரப்பர் பூட் இருக்கிறது. அதை உருவிவிட்டு, பிளஞ்சரையும் லீவரையும் இணைக்கும் ராடை லீவரிலிருந்து கழற்றி, பிளஞ்சர் தனியாக எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று கோடு போட்டுக்கொண்டேன். பிறகு ராடை மாட்டிப் பார்த்தேன். கோடு வரை போகவில்லை. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடுகளை அடுக்கி அளந்தால் 1.2 மில்லிமீட்டர் பாக்கி. பிளஞ்சர் போய்ச் சேர்வதற்கு முன்பே, பம்பின் லீவர் அதன் கடைசி ஸ்டாப்பரில் போய் முட்டிக்கொள்கிறது. ராடு நீளம் தவறு.

பம்பை இறக்கும்போது இந்த ராடின் லாக் நட்டைத் தளர்த்தியிருப்பார்கள். சொலினாய்டு பிராக்கெட்டின் துளைகளும் நீள்வட்டம், முன்னும் பின்னும் நகரும். திரும்ப ஏற்றும்போது வண்டி ஸ்டார்ட் ஆகிறதா, அணைகிறதா என்று பார்த்திருப்பார்கள். இரண்டும் நடந்திருக்கும். அந்த ஒரு மில்லிமீட்டர் கண்ணில் பட வாய்ப்பில்லை. பட்டறையில் நிற்கும் வண்டியில் ஹோல்டு காயில் அந்த இடைவெளியைச் சமாளித்து லீவரைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பதினைந்து டன்னுக்கும் மேல் எடையோடு குழியில் இறங்கும்போதுதான் கைவிடும். விட்டதும் ஸ்பிரிங் லீவரை ஸ்டாப்புக்கு இழுக்கும், இன்ஜின் சாவியை அணைத்தது போலவே நிற்கும். திரும்ப செல்ஃப் அடித்தால் புல் காயில் தூக்கிக் கொடுத்துவிடும், ஒரே சுற்றில் பிடிக்கும். டிரைவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பிசகவில்லை.

சரிசெய்ய ஆனது பத்து நிமிடம். லாக் நட்டைத் தளர்த்தி, ராடைச் சுற்றுச் சுற்றாகத் திருப்பி, பிளஞ்சர் முழுக்க உட்கார்ந்த நிலையில் பம்ப் லீவருக்கும் ஸ்டாப்பருக்கும் இடையே ஒரு மெல்லிய இடைவெளி மிஞ்சும்படி வைத்து இறுக்கினேன். முதலில் உட்கார வேண்டியது பிளஞ்சர், லீவர் அல்ல. லீவர் முழு டீசல் கொடுக்கும் அளவுக்கு ஏறுகிறதா என்பதையும், சாவியை அணைத்தால் முழுக்க ஸ்டாப்புக்குப் போகிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சரிசெய்யப் போய் மறுபக்கம் கெடுவது சுலபம். பிறகு ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் தட்டினேன். அசையவில்லை. ரிங் ஸ்பேனரால் கொஞ்சம் கோபமாகவே தட்டினேன். அசையவில்லை. ராடைப் பிடித்து இழுத்துப் பார்த்த பையனுக்கு முகம் சிவந்ததுதான் மிச்சம்.

இன்னொன்று, இந்தக் கோளாறோடு நேராகச் சம்பந்தமில்லாதது. இரண்டு பேட்டரியில் ஒன்று 12.6, மற்றது 12.1 காட்டியது. பாட்டுப் பெட்டிக்கும் போன் சார்ஜருக்கும் ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்திருந்தார்கள். பாதி லாரிகளில் இதுதான் நிலைமை. சீரிஸில் இருக்கும் இரண்டில் ஒன்றை மட்டும் தினமும் உறிஞ்சினால் அது எப்போதும் பசியோடே இருக்கும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகும். செல்ஃப் அடிக்கும்போது வோல்ட்டேஜ் சரிவதற்கு அதுவும் ஒரு காரணம். 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் ஒன்று போட்டுக் கொடுத்தேன். ஓனர் போனில் முணுமுணுத்தார். கடைசியில் ஒத்துக்கொண்டார்.

மொத்தமாக மாற்றிய சாமான்: ஒரு ரிலே, ஒரு சாவி சுவிட்ச், மூன்று மீட்டர் ஒயர், ஒரு லக், அந்தக் கன்வர்ட்டர். இதில் சுவிட்சும் ஒயரும் இரண்டாவது கடை வைத்த வினை. முதல் கோளாறுக்கு வேண்டியிருந்தது ஒரு ஸ்பேனரும் ஒரு ஃபீலர் கேஜும் மட்டும்.

மூன்று வாரம் கழித்து டிரைவர் போன் செய்தார். துறையூர்ப் பக்கம் வண்டி நின்றுவிட்டதாம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"அண்ணா, பயப்படாதீங்க, இது அது இல்ல" என்றார் அவரே. "முக்கி முக்கித்தான் நின்னுச்சு. ஹேண்ட் பம்ப் அடிச்சேன், புடிச்சுக்கிச்சு. ஃபில்டர் மாத்துனாங்களே, அந்தப் பழைய செப்பு வாசரையே திரும்பப் போட்டுட்டாங்க போல, அதுல ஈரம் தெரியுதுங்க."

வாசர் ரெண்டு ரூபாய்தான், நாலு வாங்கிப் போடுங்கள் என்றேன். ஏற்கெனவே வாங்கிவிட்டேன் என்றார்.